பெற்றோர் குரூப்பில் வந்த படம்

எப்சிபா அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பாடம் நன்றாகத்தான் நடத்துவாள். ஆனால் அங்கே அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாடம் அல்ல, போட்டோ. பிள்ளைகளை வெளிச்சம் பார்த்து நிறுத்தி, கை ஆடாமல் எடுப்பாள். அதைக் கவனித்துவிட்ட கரஸ்பாண்டென்ட் செல்வமணி, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பெற்றோர் வாட்ஸப் குரூப்புகள் மொத்தத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அதற்கென்று பள்ளிக்கூடத்து போன் ஒன்று. காலையில் ஆபீசில் வாங்கிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"வீட்ல இருக்கவங்களுக்கு ஸ்கூல்ல என்ன நடக்குன்னு தெரியணும் டீச்சர். அது தெரிஞ்சாத்தான் அடுத்த வருசமும் இங்கன சேப்பாவ" என்றார் செல்வமணி.

முதலில் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சங்கரன்கோவிலில் பாதி வீடுகளில் அப்பாவோ அம்மாவோ வெளியூரில் இருப்பார்கள். இல்லையென்றால் தறிக்கூடத்தில் இருப்பார்கள். பிள்ளை விதை முளைக்க வைத்ததையும், மேடையில் நின்று குறள் சொன்னதையும் படமாகப் பார்ப்பதற்கு அவர்களுக்கும் ஆசை இருக்காதா. ஒன்றாம் வகுப்பில் அஃப்னான் என்று ஒரு சிறுவன். அவன் அப்பா நியாஸ் அகமது துபாயில் வேலை பார்த்தார். மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஊருக்கு வரவே இல்லை. எப்சிபா எந்தப் படம் போட்டாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். 'ஜஸாக்கல்லாஹ் மிஸ்' என்று நன்றி சொல்லி ஒரு வரி வந்துவிடும். மகன் படத்தை அன்றைக்கே தன் ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்.

போகப் போகத்தான் அந்த வேலையின் நாற்றம் தெரிந்தது. மூக்கு ஒழுகும் பிள்ளை படத்தில் வரக்கூடாது. சட்டை கசங்கியவன் பின்னால் நிற்க வேண்டும். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் ஓரத்தில் நிற்கலாம். வெட்ட வேண்டியிருந்தால் அந்த ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் செல்வமணி உத்தரவாகச் சொல்லமாட்டார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த மூலை வேண்டாமே டீச்சர்" என்பார். அவ்வளவுதான்.

புராஜெக்ட் என்று வருபவையோ எல்லாம் ரத வீதியில் ஒரே கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலைகள். அடியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் இருக்கும். பிள்ளை அதைக் கையில் பிடித்துச் சிரிக்கும். எப்சிபா படம் எடுத்து, 'நம் குழந்தைகளின் கைவண்ணம்' என்று எழுதிப் போடுவாள். கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழும். வாங்கிக் கொடுத்த அம்மாவே முதல் ஆளாகக் கை தட்டுவாள். எப்சிபாவுக்கு எச்சிலை விழுங்கவே ஒரு மாதிரி இருக்கும்.

அதனால்தான் இந்த வருடம் கடையில் வாங்க முடியாத ஒன்றாகப் பார்த்து யோசித்து, 'எங்க வீட்டுப் பலகாரம்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தாள். வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து, எப்படிச் செய்தார்கள் என்று பிள்ளை தானே சொல்ல வேண்டும். செல்வமணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எல்லா வகுப்புக்கும் சேர்த்து உணவுத் திருவிழாவாகவே நடத்திவிடலாம் என்றார். பள்ளி சார்பில் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆரஞ்சு ஜூஸ். பலூன் தோரணத்துக்குக் கீழே கண்ணாடித் தம்ளரோடு ஒவ்வொருவருக்கும் ஒரு படம்.

வெள்ளிக்கிழமை திருவிழா. வீட்டுப் பலகாரம் என்று சொல்லியும் பாதிப் பேர் பேக்கரி பப்ஸும் கேக்கும்தான் கொண்டுவந்திருந்தார்கள். மாரிசெல்வி மட்டும் எவர்சில்வர் டப்பாவில் உளுந்தங்களி கொண்டுவந்தாள். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை. அவள் அம்மா பூமாரி தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை பார்ப்பவள். மாரிசெல்வி வகுப்புக்கு முன்னால் நின்று, கருப்பட்டியை எப்படி இடிப்பது, கட்டி விழாமல் எப்படிக் கிண்டுவது, நல்லெண்ணெயை எப்போது ஊற்றுவது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டப்பாவைச் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்து, எப்சிபாவும் ஒரு உருண்டை வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. அந்த வருடத்தில் அவள் மனதாரப் பார்த்த ஒரே புராஜெக்ட் அதுதான்.

பிறகு மைதானத்தில் ஜூஸ். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பொடியைக் கலக்கி, ஐஸ் போட்டு வைத்திருந்தார்கள். எப்சிபா படம் எடுத்துக்கொண்டே இருந்ததால் அவளுக்குக் குடிக்க நேரமில்லை. அஃப்னான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மேலுதட்டில் ஆரஞ்சு மீசையோடு சிரித்தான். மதியத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அடுத்து நான்காம் வகுப்பில் இரண்டு. வராண்டாவில் ஆயா மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாரிசெல்வியும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

செல்வமணி எப்சிபாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "வெயிலு டீச்சர். கண்டதையும் கலந்து தின்னா அப்படித்தான் வரும். நீங்க அந்த போட்டோவை எல்லாம் இப்பமே போட்டுருங்க. லேட்டாச்சுன்னா ஆளாளுக்கு வேற பேசுவாவ."

எப்சிபா போட்டாள். 'உணவுத் திருவிழா இனிதே நிறைவுற்றது. குழந்தைகள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்.' அவள் அனுப்புகிற பட்டனை அழுத்தும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. போனில் கைதட்டல்கள் வர ஆரம்பித்தன.

மறுநாள் சனிக்கிழமை காலையில் டீச்சர்கள் வர வேண்டும் என்று செய்தி வந்தது. எப்சிபா போனபோது, ஏழெட்டுப் பிள்ளைகள் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அஃப்னானும் ஒருவன். டிரிப்ஸ் ஏறுகிறது. எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் வீட்டில் முடியாமல் படுத்திருக்கிறார்களாம்.

அவள் கை கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீரின் நாற்றம் முகத்தில் அடித்தது. சாக்கடை நாற்றம் இல்லை. அதைவிட இனிப்பாக, தொண்டைக்குள் ஒட்டுகிற நாற்றம். குடிப்பதற்குப் பிள்ளைகள் பாட்டில் கொண்டுவருவார்கள். வராண்டாவில் இருக்கும் ஆர்.ஓ. மெஷின் பழுதாகி ரொம்ப நாளாயிற்று. அதன்மேல் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்று எழுதிய போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது. அப்படியானால் ஜூஸ் எந்தத் தண்ணீரில் கலக்கினார்கள் என்று யோசித்தபடியே அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள்.

தொட்டியின் மூடி எப்போதோ உடைந்திருந்தது. பழைய அட்மிஷன் ஃபிளெக்ஸ் ஒன்றை மேலே விரித்துக் கல் வைத்திருந்தார்கள். காற்றில் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. எப்சிபா அதைத் தூக்கினாள்.

உள்ளே இரண்டு புறாக்கள். ஒன்று பாதி கரைந்துவிட்டிருந்தது. இறகுகள் தண்ணீரின்மேல் ஆடை மாதிரிப் படிந்திருந்தன. வெள்ளையாக ஏதோ நெளிந்தது. வெயில் பட்டதும் நாற்றம் எழும்பி அவள் முகத்தில் அப்பியது. அவள் சுவர் ஓரமாக ஓடிப்போய், காலையில் தின்ற இட்லியைக் கக்கினாள். அடிவயிறு வலிக்கிற வரை கக்கினாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, கையிலிருந்த பள்ளிக்கூடத்து போனில் ஒரு படம் எடுத்தாள். பழக்கதோஷத்தில் கை ஆடவில்லை.

செல்வமணி படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எப்சிபாவுக்கு இன்னும் குமட்டியது.

"தண்ணி நாறுதுன்னு ஆயா போன வாரமே சொன்னா" என்றார். "பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். சரி, இன்னைக்கே கழுவிருவோம். நீங்க அதை டெலிட் பண்ணிருங்க."

"பேரன்ட்ஸ்ட்ட சொல்லணும் சார். ஆஸ்பத்திரியிலயும் சொல்லணும். என்ன தண்ணின்னு தெரிஞ்சாத்தான அவங்க அதுக்குத் தக்கன பாப்பாங்க."

"அங்கன டாக்டர் எல்லாம் பாத்துக்கிடுவாவ. ஊர்ல உள்ள ஒவ்வொரு தொட்டியும் திறந்து பாருங்க, என்ன கிடக்குன்னு தெரியும். இது வெளிய போனா ஸ்கூலு இருக்காது. உங்க வேலையும் இருக்காது. டெலிட் பண்ணுங்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அழிக்கவில்லை. அது தைரியம் இல்லை. அழிக்க வேண்டுமென்றால் அந்தப் படத்தை இன்னொரு தடவை திறக்க வேண்டும்; அதற்கு அவள் வயிறு இடம் கொடுக்கவில்லை. போனை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். புருசனிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே எல்லாக் குரூப்பிலும் ஒரு செய்தி வந்தது. டீச்சர் என்பதால் அவள் சொந்த நம்பரும் குரூப்பில் இருந்தது; அதில் பார்த்தாள். செல்வமணியே தட்டச்சு செய்திருந்தார். 'திருவிழாவில் ஒரு பெற்றோர் சுகாதாரமற்ற முறையில் தயாரித்து அனுப்பிய களியால் சில குழந்தைகளுக்கு உபாதை ஏற்பட்டதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' எப்போதும் அட்மின் மட்டுமே எழுதக்கூடிய குரூப்பை அன்றைக்கு எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்.

பேர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. களி கொண்டுவந்தது யார் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டிருந்தார்கள். 'ஃப்ரீ சீட்ல சேத்தா இப்படித்தான்.' 'கை கழுவுற பழக்கம் இருக்கா அவங்களுக்கு?' 'அந்தப் பிள்ளை இனிமே எம் பிள்ளை பக்கத்துல உக்காரக் கூடாது மேம்.' பப்ஸ் வாங்கி அனுப்பிய அம்மாக்கள்தான் அதிகம் எழுதினார்கள். நடுவில் நியாஸ் அகமதுவின் வாய்ஸ் வந்தது. அழுகை கலந்த கோபம். "எம் மவன் ஆஸ்பத்திரியில கிடக்கான். நேத்து நான் அவன் சிரிச்ச போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சிட்டு வேலைக்குப் போறேன், அங்கன அவன் வாந்தி எடுத்துட்டு இருந்திருக்கான். எவ அந்தக் களியச் செஞ்சா? அவளுக்குப் பிள்ளை இல்லையா?"

அஃப்னான் மூன்றாம் வகுப்புப் பக்கமே வரவில்லை, களியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று எப்சிபாவுக்குத் தெரியும். அவள் 'டைப்பிங்' வரைக்கும் போனாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடும்போது வாயில் அந்த இனிப்பு நாற்றம் இருப்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பூமாரியை வரச் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூடவே மாரிசெல்வி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வமணி உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர், போனை எடுங்க. ஒரு வீடியோ எடுத்துருவோம்" என்றார். பூமாரியிடம் திரும்பி, "ஏம்மா, ஒண்ணும் பயப்பட வேண்டாம். என்னால பிள்ளைகளுக்கு இப்படி ஆயிட்டு, மன்னிச்சிருங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லிரு. பேரன்ட்ஸ் எல்லாம் கொதிச்சுப் போயி இருக்காவ. நீ சொல்லிட்டேன்னா அதோட முடிஞ்சிரும். உம் பிள்ளை சீட்டுக்கும் ஒண்ணும் வராது."

"சார், அன்னைக்கு எங்க வீட்லயும் எல்லாரும் அதத்தான் சாப்பிட்டோம்" என்றாள் பூமாரி. "எங்க யாருக்கும் ஒண்ணும் செய்யல. இவளுக்கு மட்டுந்தான் வந்துச்சு. வேற என்னமும் குடுத்தீங்களான்னு கேக்கணும்னுதான் வந்தேன்."

"நான் என்ன சொல்லுதேன், நீ என்ன பேசுத? உளுந்து எத்தனை நாள் கிடந்ததோ, பாத்திரம் கழுவுனியோ இல்லையோ. ஸ்கூலு மேல பழி போட வந்தியா? சீட்டு வேண்டாம்னா சொல்லிரு, இப்பமே டி.சி. தாரேன்."

பூமாரி மகளைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்து நின்றாள். எப்சிபா போனைத் தூக்கினாள். திரையில் பூமாரியின் முகம் தெளிவாக விழுந்தது.

"நல்லா கிட்டப் போயி எடுங்க" என்றார் செல்வமணி. "அந்தப் பிள்ளையும் தெரியட்டும்."

இத்தனை நாளும் ஓரத்தில் நின்று வெட்டுப்பட்ட பிள்ளை. இன்றைக்கு நடுவில் வர வேண்டுமாம். எப்சிபாவுக்கு மொட்டை மாடியில் வந்த அதே குமட்டல் வந்தது. ஆனால் இந்தத் தடவை தொட்டி எதுவும் திறந்திருக்கவில்லை. டியோடரண்ட் வாசனையோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மேஜைக்குப் பின்னால் செல்வமணிதான் உட்கார்ந்திருந்தார்.

"எந் தப்பு..." என்று பூமாரி ஆரம்பித்தாள்.

"சொல்லாதீங்க பூமாரி" என்றாள் எப்சிபா.

அவள் வீடியோவை நிறுத்திவிட்டு வராண்டாவுக்கு வந்தாள். கேலரியைத் திறந்தாள். புறா அங்கேயே கிடந்தது. கண்ணை மூடாமல் அதைத் தேர்ந்தெடுத்து, ஐந்து குரூப்புக்கும் அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'வெள்ளிக்கிழமை ஜூஸ் கலக்கிய தண்ணீர் இந்தத் தொட்டியில் இருந்து வந்தது. மாரிசெல்வி வீட்டுக் களியை நானும் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் களியைச் சாப்பிடவே இல்லை. எப்சிபா, மூன்றாம் வகுப்பு ஆசிரியை.'

நீல டிக்குகள் விழ ஆரம்பித்தன. ஒருவரும் கை தட்டவில்லை.

செல்வமணி வெளியே வந்து போனைப் பிடுங்குவதற்குள் அது ஊர் பூராவும் போய்விட்டது. அவர் ஒவ்வொரு குரூப்பாக அழித்துக்கொண்டே, "நீங்க தின்ன சோத்துலயே மண்ணப் போட்டுட்டீங்களே டீச்சர்" என்றார். எப்சிபா தன் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, எதிரே இரண்டு பைக்குகளில் பிள்ளைகளின் அப்பாக்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வரை கேட்டில் கூட்டம் நின்றது. நகராட்சியில் இருந்து ஆள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தைக் கொஞ்ச நாள் மூடச் சொன்னார்கள். நல்லவேளையாக எந்தப் பிள்ளைக்கும் மோசமாக ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். எப்சிபாவுக்கு வேலை போயிற்று. குரூப்புகளில் இருந்தும் நீக்கினார்கள்.

கோபம் அந்தக் கொஞ்ச நாளோடு சரி. பள்ளிக்கூடம் திறந்தபோது புதுத் தொட்டி, புது ஆர்.ஓ. மெஷின், இலவச மருத்துவ முகாம். வேறொரு டீச்சர் படம் எடுத்துப் போட்டாள். பூமாரியைத் திட்டி எழுதிய அதே அம்மாக்கள் 'சூப்பர் சார்' என்று எழுதினார்கள் என்று கூட வேலை பார்த்த நிர்மலாதேவி போனில் சொன்னாள். ஒரு தடவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு அம்மா எப்சிபாவைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதுதான் செஞ்சீங்க மிஸ். ஆனா அந்தப் படத்தப் போய்ப் போட்டீங்களே. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எழுத்துல மட்டும் சொல்லிருக்கலாம்லா." மகன் குடித்த தண்ணீர் அவளுக்கு அருவருப்பாக இல்லை, படம்தான் அருவருப்பாக இருந்தது. எப்சிபா கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆனி மாதத்தில் கழுகுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பூமாரியைப் பார்த்தாள். மாரிசெல்வி அதே பழைய யூனிஃபார்மில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அங்கனதான் படிக்காளா?" என்று கேட்டாள் எப்சிபா.

"ஏன் டீச்சர் எடுக்கணும்? நாங்க என்ன தப்புச் செஞ்சோம். தொட்டிய மாத்திட்டாவள்லா" என்றாள் பூமாரி. "அந்த துபாய்க்காரர் பேசுனாரு. நம்பரு எங்க பிடிச்சாரோ. தெரியாமப் பேசிட்டேன்னு அழுதாரு. சரிண்ணே, விடுங்கன்னு வச்சிட்டேன். மத்தவங்க யாரும் பேசல."

எப்சிபா மாரிசெல்வியின் கன்னத்தைத் தட்டினாள். கழுகுமலை பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"டீச்சர்" என்றாள் பூமாரி. "அந்தப் புறாவ நீங்க சனிக்கிழமையே பாத்துட்டீங்களாமே."

"ஆமா" என்றாள் எப்சிபா.

பூமாரி தலையை ஆட்டினாள். முகத்தில் கோபம் இல்லை, வேறெதுவும் இல்லை. "அந்த ரெண்டு நாளும் இவ வீட்டை விட்டு வெளிய வரல. தெருப் பிள்ளைங்க எல்லாம் களி, களின்னு கூப்பிட்டுச்சுவ" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சரி, நேரமாச்சு. வாரோம் டீச்சர்" என்று மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் எப்சிபாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புதுப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார். 'நீங்கள் போட்டோ நன்றாக எடுப்பீர்களாமே. பெற்றோர் குரூப்பை உங்களிடமே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.' அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, 'பாடம் மட்டும் நடத்துகிறேன் மேடம்' என்று பதில் எழுதி அனுப்பினாள்.